4049 சிப்பில் கிட்டார் ஓவர்டிரைவ் பெடல்: முதல்முறை செய்பவர்களுக்கு

சொந்தக் கையால் ஒரு கிட்டார் பெடல் செய்ய ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் டிரான்சிஸ்டர் ஃபஸ்ஸிலோ ஆப்-ஆம்ப் ஓவர்டிரைவிலோ (இரண்டுமே கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்குபவை) தொடங்குகிறார்கள். என்னிடம் கேட்பவர்களை நான் சிமாஸ் (CMOS) வகை லாஜிக் சிப்பில்தான் தொடங்கச் சொல்கிறேன். பாகங்கள் இருபதைத் தாண்டாது. தப்பு செய்தாலும் எந்த இடத்தில் செய்தோம் என்பதை மல்ட்டிமீட்டரே காட்டிக்கொடுத்துவிடும். காதில் கேட்பதற்கு முன்னால் கண்ணால் சரிபார்க்க முடிகிற சர்க்யூட் இது. புதிதாக வருகிறவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

நாம் பயன்படுத்தப்போவது சிடி 4049 யூபி என்ற 16 கால் சிப். உள்ளே ஆறு இன்வெர்ட்டர்கள் இருக்கின்றன. கரண்ட் போனால் வீட்டில் ஓடுகிற இன்வெர்ட்டர் அல்ல. 0 கொடுத்தால் 1, 1 கொடுத்தால் 0 என்று திருப்பித் தருகிற லாஜிக் இன்வெர்ட்டர். ஒவ்வொன்றிலும் மாஸ்ஃபெட் என்ற வகை டிரான்சிஸ்டர்கள் இரண்டு: மேலே இழுக்க ஒன்று, கீழே இழுக்க ஒன்று. கணக்குப்படி இதற்கு இரண்டே நிலைதான், மேல் அல்லது கீழ். அதை நடுவில் நிறுத்திவைப்பதுதான் இந்தப் பெடலின் முழு ரகசியம்.

நிறுத்துவது எப்படி என்றால், இன்வெர்ட்டரின் அவுட்புட்டிலிருந்து அதன் இன்புட்டுக்கே ஒரு பெரிய ரெசிஸ்டரைப் போட்டுவிட வேண்டும். அவுட்புட் ஏறினால் ரெசிஸ்டர் வழியாக இன்புட்டும் ஏறும். இன்புட் ஏறினால் அவுட்புட் இறங்கியாக வேண்டும். இந்த இழுபறி சப்ளை வோல்ட்டேஜில் ஏறக்குறைய பாதியில் வந்து நிற்கும். மாஸ்ஃபெட்டின் கேட் (அதன் இன்புட் முனை) கரண்ட் எடுக்காது என்பதால் ரெசிஸ்டரில் வோல்ட்டேஜ் எதுவும் விழாது. இன்புட், அவுட்புட் இரண்டிலும் ஒரே அளவு தெரியும். அந்தப் பாதி வோல்ட்டேஜை மீட்டரில் பார்த்துவிட்டால் சிப் லாஜிக் வேலையை விட்டுவிட்டு ஆம்ப்ளிஃபயராக மாறிவிட்டது என்று அர்த்தம்.

இனி கிட்டார் சிக்னல் வந்தால் அவுட்புட் நடுவிலிருந்து மேலும் கீழும் ஆடும். சிக்னல் பெரிதாகும்போது டயோடு வெட்டுவதுபோலச் சட்டென்று வெட்டுப்படாது. மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் நெருங்க நெருங்க மாஸ்ஃபெட் மெல்ல மெல்லத் தளரும், அலையின் முனை உருண்டைப்படும். இதை 'டியூப் சத்தம்' என்று சொல்லும் வழக்கம் நெடுநாளாக உண்டு. எனக்கு அந்தப் பெயரில் முழு உடன்பாடு இல்லை. டியூப் என்கிற வால்வு பெரும்பாலும் அலையின் ஒரு பக்கத்தைத்தான் முதலில் நசுக்கும்; இது ஏறக்குறைய இரு பக்கமும் சமமாக நசுக்கும். இதற்கென்று ஒரு குணம் இருக்கிறது. ஸ்ட்ரிங்கை அழுத்தி அடித்தால் தடித்து உறுமும். சத்தம் அடங்க அடங்க உறுமல் கரைந்து தெளிவாகிக்கொண்டே வரும். அந்த இறக்கத்துக்காகவே இதைச் செய்யலாம்.

இந்த யோசனை பழையது. ஃபேர்சைல்ட் நிறுவனத்தில் ஃபிராங்க் வான்லாஸ் சிமாஸ் சர்க்யூட்டை உருவாக்கியது 1963இல். அந்தப் பத்தாண்டின் முடிவில் ஆர்சிஏ நிறுவனம் 4000 வரிசைச் சிப்புகளைக் கடைக்குக் கொண்டுவந்தது. 1970களில் அமெரிக்க இசைக் கருவி ஆர்வலர்களுக்கு எழுதிவந்த கிரெய்க் ஆண்டர்டன், 4049இல் 'டியூப் சவுண்ட் ஃபஸ்' என்ற சர்க்யூட்டை வெளியிட்டார். எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் ஹாட் டியூப்ஸ் பெடலிலும் இதே குடும்பச் சிப்தான். பிறகு வே ஹ்யூஜ் நிறுவனத்தின் ரெட் லாமா ஆண்டர்டனின் வழியில் வந்தது. கீழே நான் தருவதும் அந்தப் பரம்பரைதான்: இரண்டு இன்வெர்ட்டர் வரிசையாக, பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு கெயின், ஒரு வால்யூம், அவ்வளவே.

முதலில் சாமான் வாங்க வேண்டும். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சுற்று சுற்றினால் ஃபுட்ஸ்விட்ச் தவிர எல்லாம் கிடைத்துவிடும். மற்ற ஊர்க்காரர்களுக்கு ஆன்லைன். சிப் வாங்கும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். முதுகில் 4049க்குப் பின்னால் 'யூபி' (UB) என்ற இரண்டு எழுத்துகள் இருக்க வேண்டும். பஃபர் இல்லாதது என்பதன் அடையாளம் அது. பஃபர் உள்ள வகையில் ஒவ்வொரு இன்வெர்ட்டருக்குள்ளும் அடுத்தடுத்துப் பல கட்டங்கள் இருக்கும். பெருக்கம் அளவுக்கு மீறிப் போகும், நடுவில் நிற்காமல் கத்தும். 74எச்சி 4049 என்று ஒன்று உண்டு. அதன் வேலை எல்லை 6 வோல்ட்தான், 9 வோல்ட் பெடலில் தாங்காது. 4050 என்பது கால் அமைப்பில் 4049 மாதிரியே இருக்கும், ஆனால் திருப்பித் தராது, நமக்கு உதவாது. கடைக்காரர் 'எல்லாம் ஒண்ணுதான் சார்' என்றால் நம்பாமல் லென்ஸ் வைத்துப் படியுங்கள். விலை குறைவுதான், இரண்டு மூன்றாக வாங்கிவையுங்கள்.

மற்றவை:

100 கிலோ ஓம் ரெசிஸ்டர் 3, 1 மெகா ஓம் 2, 1 கிலோ ஓம் 1, எல்இடிக்கு 4.7 கிலோ ஓம் 1
68 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர் (மேலே 683 என்று இருக்கும்), 33 நானோ (333), 100 நானோ (104), ஒவ்வொன்றிலும் 1
47 பிகோ ஃபாரட் செராமிக் 2
1 மைக்ரோ ஃபாரட் 1, 100 மைக்ரோ ஃபாரட் 16 வோல்ட் எலெக்ட்ரோலைட்டிக் 1
பொட்டென்ஷியோமீட்டர்: கெயினுக்கு 1 மெகா லீனியர், வால்யூமுக்கு 100 கிலோ லாக்
1என் 5817 டயோடு (கிடைக்காவிட்டால் 1என் 4001), 16 கால் ஐசி பேஸ், கால் அங்குல (1/4") ஜாக் 2, 9 வோல்ட் பேட்டரியும் கிளிப்பும், சால்டர் செய்யாமல் பாகங்களைச் செருகிப் பார்க்கிற பிரெட்போர்டு

செராமிக் கெப்பாசிட்டரில் ஒரு சிக்கல் உண்டு. 47 பிகோவில் வெறும் 47 என்றும் இருக்கலாம், 470 என்றும் இருக்கலாம். மூன்றாவது எண் எத்தனை சைபர் என்பதைச் சொல்வதால் இரண்டும் ஒன்றே. 471 என்று இருந்தால் அது 470 பிகோ. பத்து மடங்கு அதிகம், சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிவிடும். ரெசிஸ்டரின் நிற வளையங்களில் சந்தேகம் வந்தால் மீட்டரில் அளந்துவிடுங்கள்.

சால்டரிங் அயர்னை இப்போது எடுக்க வேண்டாம். பிரெட்போர்டில் முழுச் சர்க்யூட்டும் பாடிய பிறகுதான் பலகைக்குப் போக வேண்டும். சிப்பைத் தொடுவதற்கு முன் பூமிக்கு இணைப்புள்ள ஏதாவது உலோகத்தைத் தொட்டு உடம்பிலுள்ள ஸ்டாட்டிக்கை இறக்கிக்கொள்ளுங்கள். சிமாஸின் கேட் மிக மெல்லியது.

முதல் வேலை, சப்ளை. பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து டயோடு. வளையமுள்ள முனை சிப் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். அடுத்து 1 கிலோ ஓம். அங்கிருந்து சிப்பின் 1ஆம் காலுக்கு. ஆம், 1ஆம் கால்தான். 16 கால் லாஜிக் சிப்புகளில் பிளஸ் பெரும்பாலும் 16ஆம் காலில் இருக்கும். 4049இல் 16ஆம் காலுக்கும் 13ஆம் காலுக்கும் உள்ளே இணைப்பே கிடையாது. பழக்கதோஷத்தில் 16இல் கொடுப்பதுதான் இந்தச் சர்க்யூட்டில் அதிகம் நடக்கிற தப்பு. 8ஆம் கால் கிரவுண்ட், அதாவது பேட்டரியின் மைனஸ். 1ஆம் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 100 மைக்ரோவும் 100 நானோவும் பக்கம் பக்கமாக (பேரலலாக). 100 மைக்ரோவின் மைனஸ் கோடு கிரவுண்ட் பக்கம்.

இரண்டாவது வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நாம் பயன்படுத்தாத நான்கு இன்வெர்ட்டர்களின் இன்புட்டுகளான 7, 9, 11, 14 ஆகிய கால்களைக் கிரவுண்டில் கட்டிவிடுங்கள். அவற்றின் அவுட்புட்டுகளான 6, 10, 12, 15ஐத் தொடவே வேண்டாம். இன்புட் அந்தரத்தில் தொங்கினால் அது தானாக நடு வோல்ட்டேஜுக்கு அலைந்து கரண்டைத் தின்னும், அருகில் இருக்கிற சிக்னலையும் கெடுக்கும்.

மூன்றாவது, முதல் இன்வெர்ட்டர். இன்புட் 3ஆம் கால், அவுட்புட் 2ஆம் கால். 2ஆம் காலிலிருந்து 100 கிலோ ஓம், அதன் தொடர்ச்சியாக 1 மெகா பாட் (பொட்டென்ஷியோமீட்டர்), அங்கிருந்து 3ஆம் காலுக்கு. பாட்டின் நடுக்காலையும் ஒரு ஓரக்காலையும் சேர்த்துக் கட்டிவிட்டால் அது மாறும் ரெசிஸ்டராகிவிடும். 2க்கும் 3க்கும் நேராக ஒரு 47 பிகோ.

இங்கே நிறுத்துங்கள். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். கறுப்பு முனை கிரவுண்டில், சிவப்பு முனை 1ஆம் காலில். 9 வோல்ட் வராது. டயோடும் 1 கிலோ ஓமும் எடுத்துக்கொண்டதுபோக மிச்சம்தான் தெரியும். நடுவில் நிற்கிற இன்வெர்ட்டர் இரண்டு மாஸ்ஃபெட்டையும் அரைகுறையாகத் திறந்து வைத்திருப்பதால் சில மில்லி ஆம்பியர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது சிவப்பு முனை 2ஆம் காலுக்கு. குறித்த எண்ணில் சுமார் பாதி வந்தால் சரி. சிப்புக்குச் சிப்பு கொஞ்சம் கூடும், குறையும். கெயின் பாட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருகினாலும் எண் அசையக் கூடாது. 0 பக்கமோ சப்ளை பக்கமோ ஒட்டிக்கொண்டிருந்தால் ஃபீட்பேக் பாதை (அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்குத் திரும்பும் வழி) எங்கோ அறுந்திருக்கிறது. பத்தில் எட்டு முறை பாட்டின் தவறான காலில்தான்.

நான்காவது, இரண்டாம் இன்வெர்ட்டர். இன்புட் 5ஆம் கால், அவுட்புட் 4ஆம் கால். 2ஆம் காலிலிருந்து 33 நானோ, பிறகு 100 கிலோ ஓம், அங்கிருந்து 5ஆம் கால். 4க்கும் 5க்கும் நடுவில் 1 மெகா ஓமும் 47 பிகோவும் பக்கம் பக்கமாக. மறுபடி அளந்து பாருங்கள். இன்னொரு இன்வெர்ட்டரும் விழித்துக்கொண்டதால் 1ஆம் காலின் வோல்ட்டேஜ் முன்பைவிட இறங்கியிருக்கும். என் பலகைகளில் ஏறக்குறைய 4 வோல்ட்டுக்கும் 6 வோல்ட்டுக்கும் இடையில் நிற்கும். 2ஆம் காலிலும் 4ஆம் காலிலும் அதன் பாதி.

ஐந்தாவது, உள்ளேயும் வெளியேயும் வழி. இன்புட் ஜாக்கின் முனையிலிருந்து 68 நானோ, பிறகு 100 கிலோ ஓம், பிறகு 3ஆம் கால். ஜாக் முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் மிச்சமிருக்கிற 1 மெகா ஓம். ஸ்விட்ச்சை மிதிக்கும்போது 'டப்' என்று வராமல் இது காக்கும். 4ஆம் காலிலிருந்து 1 மைக்ரோ (எலெக்ட்ரோலைட்டிக் என்றால் பிளஸ் சிப் பக்கம்), பிறகு வால்யூம் பாட்டின் ஓரக்கால். மறு ஓரம் கிரவுண்ட். நடுக்கால் அவுட்புட் ஜாக்குக்கு.

வால்யூமைக் கிட்டத்தட்ட முழுதாகக் குறைத்துவிட்டு ஆம்ப்ளிஃபயரை இணையுங்கள். கிட்டார் தருவது ஒரு வோல்ட்டின் சிறு பகுதி; இந்தச் சிப் வெளியே தள்ளுவது சில வோல்ட். முழு வால்யூமில் செருகினால் ஸ்பீக்கரும் காதும் ஒன்றாக அதிரும்.

கெயின் குறைவாக இருக்கும்போது முதல் இன்வெர்ட்டர் சிக்னலைப் பெருக்குவதே இல்லை என்று சொல்லலாம். 100 கிலோவுக்கு 100 கிலோ. முழுதாகத் திறந்தால் காகிதக் கணக்கில் 11 மடங்கு. பஃபர் இல்லாத இன்வெர்ட்டரின் சொந்தப் பெருக்கமே சில பத்து மடங்குக்குள்தான் என்பதால் கையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. கிட்டாரில் வால்யூமைப் பாதிக்குக் குறைத்துப் பாருங்கள். பெடலை அணைக்காமலே சத்தம் தெளிந்துவிடும். ஆறாவது ஸ்ட்ரிங்கை ஓங்கி அடித்து அப்படியே விட்டுவிட்டுக் கேளுங்கள்: முதலில் கரகரப்பு, பிறகு தடிப்பு, கடைசியில் மணி அடித்து ஓய்ந்ததுபோல் ஒரு தெளிவு.

சத்தமே வரவில்லை என்றால் மீட்டருக்குத் திரும்புங்கள். இரண்டு பாதி வோல்ட்டேஜும் சரியாக இருந்தால் சிப் நலம், குற்றம் வழியில். 100 நானோ கெப்பாசிட்டர் ஒன்றின் ஒரு காலை ஆம்ப்ளிஃபயர் கேபிளின் முனையோடு கட்டிக்கொண்டு, மறு காலால் சர்க்யூட்டைத் தொட்டுத் தொட்டு வாருங்கள். கேபிளின் கிரவுண்டும் சர்க்யூட்டின் கிரவுண்டும் இணைந்திருக்க வேண்டும். யாராவது கிட்டாரை மீட்டிக்கொண்டே இருக்கட்டும். 2ஆம் காலில் கேட்டு 4ஆம் காலில் கேட்காவிட்டால் தப்பு அந்த இரண்டுக்கும் நடுவில். தேடல் ஐந்து நிமிடத்தில் முடியும்.

விசில் அடித்தால் வேறு கதை. நான் செய்த முதல் 4049 பெடல் கெயினை முக்கால் திறந்ததும் கூவத் தொடங்கிவிடும். சிப்பை மாற்றினேன், கெப்பாசிட்டரை மாற்றினேன், சப்ளையை மாற்றினேன். ஒரு வாரம் போயிற்று. ஒருநாள் கூவிக்கொண்டிருக்கும்போதே ஒரு பென்சிலால் அவுட்புட் வயரை மெல்லத் தள்ளினேன். சுருதி மாறியது. இன்னும் தள்ளினேன், நின்றுவிட்டது. விட்டதும் மறுபடி கூவியது. அழகாக இருக்கட்டும் என்று இன்புட் வயரையும் அவுட்புட் வயரையும் ஒன்றாகப் பின்னிக் கட்டியிருந்தேன். காரணம் பிறகுதான் புரிந்தது. ஒரு இன்வெர்ட்டர் அலையைத் தலைகீழாக்குகிறது. இரண்டாவது அதை மறுபடி நிமிர்த்துகிறது. ஆகவே வெளியே வருவது உள்ளே போனதன் அதே முகம், பல மடங்கு பெரிதாக. அதில் துளி கசிந்து இன்புட்டில் விழுந்தால் அதுவே மறுபடி பெருகும், மறுபடி கசியும். அன்றிலிருந்து இன்புட் வயர் பெட்டியின் ஒரு சுவரோரம், அவுட்புட் வயர் எதிர்ச் சுவரோரம். இன்புட்டுக்கு ஷீல்டு வயர் போட்டால் இன்னும் நல்லது.

பிரெட்போர்டில் இருக்கும்போதே உங்கள் காதுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். 68 நானோவுக்குப் பதில் 10 நானோ போட்டால் சுமார் 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே பாஸ் குறையத் தொடங்கும். ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) கிட்டாருக்கு அது நல்லது, கொழகொழப்பு போகும். 47 பிகோவை 100 ஆக்கினால் கீச்சொலி மென்மையாகும். எனக்கு மிகப் பிடித்த இடம் சப்ளையில் இருக்கிற 1 கிலோ ஓம். அதை 220 ஓமாக்கினால் சிப்புக்கு வோல்ட்டேஜ் கூடும்: சத்தம் பெரிதாகும், நசுங்கல் தள்ளிப்போகும், பேட்டரியும் வேகமாகக் கரையும். 2.2 கிலோ ஆக்கினால் சீக்கிரமே நசுங்கும், மீட்டும்போது ஸ்ட்ரிங் விரலோடு ஒட்டிக்கொள்வதுபோல் ஒரு உணர்வு. ஆம்ப்ளிஃபயர் கட்டுரைகளில் 'சப்ளை கூடினால் கெயின் கூடும்' என்று படித்திருப்பீர்கள். பஃபர் இல்லாத சிமாஸில் அது நேர்மாறு, சப்ளை குறையக் குறையப் பெருக்கம் கூடுகிறது. 1 கிலோவையே நான் வைத்துக்கொள்கிறேன்.

இந்தப் பெடலின் இன்புட் இம்பீடன்ஸ் சுமார் 90 கிலோ ஓம்தான். கிட்டாரை நேராக இதில் செருகினால் பிக்கப்பின் உச்ச டிரெபிள் சிறிது மழுங்கும். சிலருக்கு அதுதான் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். வேண்டாம் என்பவர்கள் முன்னால் ஒரு பஃபர் பெடலை (சிக்னலை மழுங்கவிடாமல் அப்படியே கடத்துவது; சிப்பில் சொன்ன பஃபர் அல்ல) வையுங்கள்.

இனி சால்டரிங். டாட் போர்டே போதும். ஐசி பேஸை மட்டும் சால்டர் செய்யுங்கள். சிப்பை எல்லாம் முடிந்து, காலி பேஸில் சப்ளை வோல்ட்டேஜ் சரியான காலில் வருகிறதா என்று அளந்த பிறகு கடைசியாகச் செருகுங்கள். பேஸிலும் சிப்பிலும் உள்ள வெட்டு ஒரே பக்கம் பார்க்க வேண்டும். 3ஆம் காலுக்கும் 5ஆம் காலுக்கும் போகிற வயர்கள் எவ்வளவு குட்டையாக இருக்கின்றனவோ அவ்வளவு நல்லது. மெகா ஓம் கணக்கில் நிற்கிற அந்தப் புள்ளிகள் சுவரில் ஓடுகிற 50 ஹெர்ட்ஸ் கரண்டின் இரைச்சலை ஆன்டெனா மாதிரி பிடித்துக்கொள்ளும். அதனால்தான் பெட்டியும் உலோகமாக இருக்க வேண்டும், கிரவுண்டோடு இணைந்திருக்க வேண்டும். 1590பி அளவு அலுமினியப் பெட்டி எல்லாரும் பயன்படுத்துவது. முதல் பெடலுக்கு ஒரு பிஸ்கட் டின்னும் நன்றாகவே உழைக்கும்; மூடியும் உடம்பும் ஒன்றோடொன்று நன்றாகத் தொடுகின்றனவா என்று மட்டும் மீட்டரில் பாருங்கள், பெயின்ட் தடுத்துவிடும்.

ஃபுட்ஸ்விட்ச் ஒன்பது கால் உள்ள 3பிடிடி வகை. மூன்று மூன்றாக மூன்று வரிசை. ஒவ்வொரு வரிசையின் நடுக்காலும் பொது: முதலாவது இன்புட் ஜாக்குக்கு, இரண்டாவது அவுட்புட் ஜாக்குக்கு, மூன்றாவது கிரவுண்டுக்கு. மேல் கால்களில் முறையே சர்க்யூட்டின் இன்புட், வால்யூம் பாட்டின் நடுக்கால், எல்இடியின் மைனஸ். கீழ்க் கால்களில் முதல் இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுங்கள். மூன்றாவது சும்மா இருக்கட்டும். எல்இடியின் பிளஸ் 4.7 கிலோ ஓம் வழியாக 9 வோல்ட்டுக்கு. இந்தக் கால்களில் சால்டரிங் அயர்னை மூன்று விநாடிக்கு மேல் வைக்காதீர்கள். உள்ளே பிளாஸ்டிக் உருகினால் ஸ்விட்ச் பாதியில் மாட்டிக்கொள்ளும்.

பேட்டரியில் ஓட்டப்போகிறீர்கள் என்றால் இன்புட்டுக்கு ஸ்டீரியோ ஜாக் போடுங்கள். பேட்டரியின் மைனஸை அதன் நடு வளையக் காலில் கட்டுங்கள். கிட்டார் கேபிளைச் செருகினால் அதன் மோனோ பிளக் வளையத்தையும் கிரவுண்டையும் இணைத்து சப்ளையைத் திறந்துவிடும். உருவினால் அணைந்துவிடும். வாசித்து முடித்ததும் கேபிளை உருவிவிடுங்கள்.